அரசு இணையதளங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு துறைக்கோ வாரியத்துக்கோ நகராட்சிக்கோ இணையதளம் வேண்டும் என்று முடிவானதும், அந்த வேலைக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை எழுதுகிறவர்கள் நீங்கள். அமைச்சருக்கோ தலைமைச் செயலாளருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு தளம் மக்களுக்கு உதவுமா உதவாதா என்பது பெரும்பாலும் அந்த ஆவணத்தை எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு வரும் நிறுவனம் அதில் எழுதியிருப்பதைச் செய்து கொடுத்து, கையெழுத்து வாங்கி, பணம் பெற்றுக்கொண்டு போகும். எழுதாததைச் செய்யாது. செய்யச் சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை.

நான் இணையதள வடிவமைப்பில் வேலை செய்கிறேன். நிறமும் படமும் என் பங்கு அல்ல. எந்தத் தகவல் எதன் கீழ் வர வேண்டும், அதற்கு என்ன பெயர் வைக்க வேண்டும், மக்கள் அதை முதலில் எங்கே தேடுவார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் தொழிலில் இதைத் தகவல் கட்டமைப்பு என்கிறோம். அரசுத் தளங்களுக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதையும், அதற்கு உங்கள் ஆவணத்தில் ஏன் ஒரு வரிகூட இடம் இல்லை என்பதையும் பேசத்தான் இந்த மடல்.

ஒரு வீட்டில் அப்பா இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரியம் எல்லாம் முடிந்து, மகளோ மகனோ கைபேசியை எடுத்து உட்கார்கிறார். முதலில் இறப்புச் சான்றிதழ். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் தெரிவித்தால் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும், குடியிருந்த ஊரில் அல்ல. அப்பா திருச்சுழியில் வாழ்ந்து மதுரை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் பதிவு மதுரையில் இருக்கும். இது தெரியாமல் சொந்த ஊரின் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டே இருப்பார்கள். சான்றிதழ் கிடைத்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு வருவாய்த்துறை. அது வந்த பிறகு நிலத்துக்குப் பட்டா மாறுதல். ரேஷன் அட்டையில் பெயர் நீக்க உணவுப்பொருள் வழங்கல் துறை, மின் இணைப்பைப் பெயர் மாற்ற மின்வாரியம், வீட்டு வரிக்கு உள்ளாட்சி, அப்பா ஓய்வூதியர் என்றால் கருவூலம், வாக்காளர் பட்டியலுக்குத் தேர்தல் ஆணையத்தின் படிவம் 7.

இத்தனையும் ஒரே ஒரு நிகழ்வு. அந்தக் குடும்பத்துக்கு அது 'அப்பா இறந்துவிட்டார், இனி என்ன செய்யணும்' என்ற ஒரே கேள்வி. நம் தளங்களில் அது ஏழெட்டுத் துறைகளுக்குப் பிரிந்து கிடக்கிறது. பலவற்றில் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல், தனி உதவி எண். எதை முதலில் வாங்கினால் எதற்கு விண்ணப்பிக்க முடியும் என்ற வரிசை இருக்கிறதே, அதுதான் அந்த வீட்டுக்கு மிக முக்கியமான தகவல். அதை முழுதாகச் சொல்வது எந்தத் துறையின் வேலையும் இல்லை. வாரிசுச் சான்றிதழ் பற்றிய பக்கம் வாரிசுச் சான்றிதழோடு நின்றுவிடும், அடுத்து பட்டாவுக்குப் போங்கள் என்று சொல்லாது.

யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை. மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968இல் ஒன்று எழுதினார்: ஒரு நிறுவனம் எதை வடிவமைத்தாலும், அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதன் நகலாகத்தான் அது வந்து நிற்கும். நம் அரசுத் தளங்களைப் பார்த்தால் துறைகளின் அமைப்பு அப்படியே தெரியும். செயலகத்தில் எத்தனை பிரிவுகள், இயக்குநரகத்துக்குக் கீழே யார், எந்தத் திட்டம் எந்த மேசையில் இருக்கிறது என்பதெல்லாம் முகப்பிலேயே புரிந்துவிடும். 'எங்களைப் பற்றி', 'நிறுவன அமைப்பு', 'திட்டங்கள்', 'அரசாணைகள்', 'கொள்கை விளக்கக் குறிப்பு' என்ற வரிசை உள்ளே வேலை பார்க்கிறவருக்கு இயல்பாகத் தோன்றும். வெளியே இருப்பவர் தன் வேலை எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் தளத்துக்கே வந்தார்.

பிரிட்டன் இந்தச் சிக்கலை எப்படி எடுத்துக்கொண்டது என்பதை நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு முகமைக்கும் தனித் தளம் இருந்தது. 2010இல் மார்த்தா லேன் ஃபாக்ஸ் என்ற இணையத் தொழில்முனைவோர் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, இதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து பயனில்லை, அடியோடு மாற்றுங்கள் என்றது. 2011இல் அரசு டிஜிட்டல் சேவை என்ற பிரிவைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு மே மாதமே ஒரு சிறு குழு முன்மாதிரித் தளம் ஒன்றை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. 2012 அக்டோபர் 17ஆம் தேதி கவ்.யூகே என்ற ஒரே தளம் பழைய பொதுத் தளங்களின் இடத்துக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட முகமைகளின் தளங்கள் அதற்குள் வந்து சேர்ந்தன. அவர்கள் எழுதி வைத்துக்கொண்ட வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவது, பயன்படுத்துகிறவரின் தேவையிலிருந்து தொடங்கு என்பது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. எளிமையாக்குவதற்கான கடினமான வேலையை அரசு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அதாவது, எந்தத் துறை எதைக் கவனிக்கிறது என்ற குழப்பத்தை அரசு தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும், குடிமகன் தலையில் இறக்கக் கூடாது.

அந்தத் தளத்தில் பொது விடுமுறைக்கு ஒரு பக்கம் இருக்கிறது. திறந்ததும் மேலே பெரிய எழுத்தில் அடுத்த விடுமுறை எந்தத் தேதி என்று வரும். கீழே மற்ற விடுமுறைகளின் பட்டியல். அவ்வளவுதான். நமக்கு அது அரசாணையாக, ஒரு பிடிஎஃப் கோப்பாக வெளியாகிறது. அரசாணை வேண்டும்தான், அது சட்டப்படியான ஆவணம். ஆனால் விடுமுறை என்றைக்கு என்று பார்க்க வருபவர் அரசாணையைத் தேடி வருவதில்லை.

நான் மேலே சொன்ன இறப்பு விஷயத்துக்கும் அங்கே ஒரு வழி செய்திருக்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும், இறப்பைப் பதியப் போகும்போது பதிவாளர் ஒரு சேவையைப் பற்றிச் சொல்லி ஒரு குறியீட்டு எண் கொடுப்பார். அந்த எண்ணை வைத்து இணையத்திலோ தொலைபேசியிலோ ஒருமுறை சொன்னால் வருமானவரி, ஓய்வூதியம், கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், உள்ளூர் மன்றம் எல்லாவற்றுக்கும் தகவல் போய்விடும். 'ஒருமுறை சொல்லுங்கள்' என்பதுதான் அந்தச் சேவையின் பெயர். இதை நாளைக்கே நாம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. துறைகளின் தரவுத்தளங்களை இணைப்பது பெரிய வேலை, சட்டத்திலும் சில மாற்றங்கள் தேவைப்படலாம். ஆனால் இந்தத் துறைகள் எல்லாவற்றின் வேலையையும் சரியான வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணம் வேண்டும் என்று சொல்லி, உரிய இடத்துக்கு இணைப்புக் கொடுக்க எந்தத் தரவுத்தளமும் வேண்டாம். துறைக்கு ஒருவராக உட்கார்ந்து பேசினால் போதும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தகவலைத் தேடி வருகிறவர் பக்கம் நின்று அடுக்குவது எப்படி என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் சீர்காழிக்காரர். 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார், லண்டன் போய் நூலகத் துறையைப் படித்து வந்தார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்காகவே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். நூல் என்ற இடத்தில் சேவை என்று போட்டுப் பாருங்கள், ஒரு அரசு இணையதளத்துக்கு வேறு விதி தேவையில்லை.

நான்காவது விதியைக் கொஞ்சம் பாருங்கள். வாசகரின் நேரம். நூலகரின் வசதியோ நிர்வாகத்தின் வசதியோ அதில் பேசப்படவில்லை. கணக்கு எடுப்பதற்கும் பூட்டி வைப்பதற்கும் தோதாக அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், உள்ளே வந்தவர் எவ்வளவு சீக்கிரம் தன் நூலைக் கையில் எடுக்கிறார் என்று அவர் கணக்குப் போட்டார். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிராமத்துக்குக் கிராமம் போனபோது அந்த முயற்சியோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. வாசகர் வர முடியாவிட்டால் நூல் போக வேண்டும் என்ற எண்ணம் அது.

நூல்களை வகைபிரிக்க 1933இல் அவர் கொண்டுவந்த கோலன் பகுப்பு முறை இன்றைய இணையதள வேலைக்கு இன்னும் நேரடியாகப் பொருந்தும். அதற்கு முன் இருந்த பகுப்பு முறைகளில் பெரும்பாலும் ஒரு நூலுக்கு ஒரே இடம், ஒரே கிளை. ரங்கநாதன் ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்தார். அது எதைப் பற்றியது, எதனால் ஆனது, என்ன செயல் நடக்கிறது, எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றும் தனி முகம். இன்று கடைத் தளங்களில் விலை, அளவு, நிறம் என்று பக்கவாட்டில் வடிகட்டுகிறோமே, அதன் அடிப்படை இந்தச் சிந்தனைதான். அரசுச் சேவைக்கு இதைப் பொருத்துவது கடினமே இல்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது வருவாய்த்துறை கொடுப்பது. ஆனால் அதைத் தேடுகிறவர் கல்லூரியில் சேரப்போகும் மாணவர். சேர்க்கை நடக்கும் மாதங்களில் தேடுவார். 'மாணவர்' என்ற வழியிலும் 'கல்லூரிச் சேர்க்கை' என்ற வழியிலும் 'சான்றிதழ்கள்' என்ற வழியிலும் வந்தாலும் அதே பக்கத்தில் போய் நிற்க வேண்டும். வருவாய்த்துறை என்ற ஒரே வாசல் போதாது.

சரி, உங்கள் ஆவணத்துக்கு வருகிறேன். நான் படித்த ஒப்பந்தப்புள்ளிகளில் முகப்பில் நகரும் படங்கள் எத்தனை என்று இருக்கும். பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் பெட்டி, சமூக ஊடக இணைப்புகள், புகைப்படத் தொகுப்பு, நிலையான பக்கங்கள் இத்தனை, மாறும் பக்கங்கள் இத்தனை என்று இருக்கும். பாதுகாப்புத் தணிக்கை இருக்கும், அது அவசியம். சர்வர் விவரம் பக்கம் பக்கமாக இருக்கும். இந்தத் தளத்துக்கு யார் வரப்போகிறார்கள், என்ன வேலையாக வருகிறார்கள், அந்த வேலை முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரு பத்தி இருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் தளத்தை ஏற்றுக்கொள்ளும் கூட்டம் ஓர் அறையில், பெரிய திரையில் நடக்கிறது. அதிகாரிகள் பார்த்து, படத்தைப் பெரிதாக்கச் சொல்வார்கள், நிறத்தை மாற்றச் சொல்வார்கள். அந்தத் தளத்தைப் பயன்படுத்தப் போகிறவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இருக்கமாட்டார். அவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பதும் அந்தப் பெரிய திரை இல்லை, உள்ளங்கை அளவுள்ள ஒரு ஃபோன்.

அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2009இலிருந்தே இருக்கின்றன, 2023இல் மூன்றாவது பதிப்பும் வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தளங்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. இவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று ஆவணத்தில் ஒரு வரி வருகிறது. அது சரிபார்ப்புப் பட்டியலாக மாறி, ஒவ்வொன்றாக டிக் அடிக்கப்படுகிறது. தளவரைபடம் இருக்கிறதா, இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் இருக்கிறதா, இருக்கிறது. தேடல் பெட்டி இருக்கிறதா, இருக்கிறது. அதில் தேடினால் ஏதாவது கிடைக்கிறதா என்று பட்டியல் கேட்பதில்லை.

தேடலைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் அது தனிச் சிக்கல். நம் சொல் வேற்றுமை உருபு ஏற்று வளர்கிறது. பட்டா, பட்டாவில், பட்டாவை, பட்டாவுக்கு என்று ஒரே சொல் பல வடிவம் எடுக்கும். எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் தேடல் பெட்டிக்கு இவை வேறு வேறு சொற்களாகிவிடுகின்றன. அப்புறம், மக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். குரலிலும் தேடுகிறார்கள், குரலில் வருவது பேச்சுத் தமிழ். 'பட்டா பேர் மாத்தணும்' என்று ஒருவர் கேட்டால் 'பட்டா மாறுதல்' பக்கம் வர வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். ஆவணத்தில் 'தேடல் வசதி' என்று இரண்டு சொல் போட்டிருந்தால் அவர்களைத் தேடி யார் போவார்கள்?

அதைவிடப் பெரிய சிக்கல், தேடக் கிடைக்க வேண்டிய ஆவணமே தேட முடியாத வடிவில் இருப்பது. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய யூனிகோடு எழுத்துக் குறியீட்டு முறையைத் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஆணை வெளியிட்டது. அப்படியிருந்தும் பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளும், தாளை வருடி ஏற்றிய படக்கோப்புகளும் இன்றும் தளங்களில் கிடக்கின்றன. கண் தெரியாதவரின் கணினி அவற்றை வாசிக்காது. கூகுளுக்கும் அவை முழுதாகத் தெரிவதில்லை. தளத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான். அரசாணைகளை எண்ணையும் ஆண்டையும் போட்டுத் தேடச் சொல்கிறோம். எண் தெரிந்தவருக்குத்தான் அரசாணை கிடைக்கும், எந்த அரசாணை தனக்குப் பொருந்தும் என்று தெரியாதவர் என்ன செய்வார்?

இன்னொன்று, ஊர்ப் பெயர். மாவட்டம், வட்டம், கிராமம் என்று மூன்று பட்டியல்களில் தேர்ந்தெடுக்கச் சொல்லும் படிவங்கள் நம்மிடம் ஏராளம். அந்தக் கிராமம் என்பது வருவாய் கிராமம். ஜனங்கள் தங்கள் ஊர் என்று சொல்வது பல இடங்களில் அதற்குள் இருக்கும் ஒரு குக்கிராமம். வருவாய் கிராமத்தின் பெயர் என்ன என்று வரி ரசீதையோ பழைய பத்திரத்தையோ பார்த்தால்தான் பலருக்குத் தெரியும். இதோடு 2019, 2020இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, மயிலாடுதுறை என்று புதிய மாவட்டங்கள் பிரிந்தன. கையில் இருக்கும் பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருக்கும், தளத்தில் தென்காசியில் தேட வேண்டும். பட்டியலில் தன் ஊர் இல்லை என்று பார்த்ததும், தன் ஊரே அரசாங்கக் கணக்கில் இல்லையோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இங்கே செய்ய வேண்டியது சின்ன வேலை. குக்கிராமப் பெயர், பழைய வட்டம், பழைய மாவட்டம், மக்கள் எழுதும் வேறு எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் அந்த வருவாய் கிராமத்தோடு சேர்த்து வைத்து, ஊர்ப் பெயரைத் தட்டினால் காட்டச் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலர்களுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, அதனால் தளத்துக்குத் தெரியவில்லை.

கேள்வியைக் கேட்கும் விதமும் இதே கதைதான். பட்டா மாறுதலுக்குப் போனால் உட்பிரிவு உள்ளதா இல்லாததா என்று முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நில அளவர் வந்து அளக்க வேண்டுமா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது, ஆகவே அலுவலகத்துக்கு அந்தப் பிரிவு தேவை. மனுதாரரிடம், 'இந்தப் புல எண்ணில் உள்ள நிலம் முழுவதும் உங்கள் பெயருக்கு வருகிறதா, ஒரு பகுதி மட்டும் வருகிறதா?' என்று கேட்டால் அவர் யோசிக்காமல் பதில் சொல்வார். அந்தப் பதிலை வைத்து உட்பிரிவு உண்டா இல்லையா என்று தளமே முடிவு செய்துகொள்ளட்டும். இப்படி ஒரு வரியை மாற்றினால் எத்தனை விண்ணப்பங்கள் தப்பான பிரிவில் போய் விழாமல் தப்பிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பட்டாவையும் சிட்டாவையும் புலப்படத்தையும் வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்க முடிவது சாதாரண விஷயம் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் அதற்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் நாள் முழுக்க நின்றவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேவையை உருவாக்கியவர்களுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். அதனால்தான் மிச்சத்தையும் கேட்கிறேன்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தப்புள்ளியை எழுதுவதற்கு முன், உங்கள் துறையின் சேவை அதிகம் நடக்கும் ஊரில் ஒரு ப்ரவுசிங் சென்டருக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ இ-சேவை மையத்துக்கோ போய் உட்காருங்கள். அதிகாரி என்று சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாலே போதும். 'தம்பி, முதியோர் பணம் நின்னு போச்சு, என்னன்னு பாரு' என்று ஒரு அம்மா வருவார். கடைக்காரர் எந்தத் தளம் என்று அவரிடம் கேட்கமாட்டார். ரெண்டு கேள்வி கேட்பார், சரியான பக்கத்தைத் திறப்பார், எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் பிழை வரும் என்று அவருக்குத் தெரியும், புகைப்படத்தை எந்த அளவுக்குச் சுருக்கினால் தளம் ஏற்கும் என்று தெரியும். உங்கள் தளங்களின் மெய்யான தகவல் கட்டமைப்பு அவர் தலையில் இருக்கிறது. அதை எடுத்து எழுதினாலே பாதி வேலை முடிந்தது. மக்கள் அவருக்குக் கொடுக்கும் காசு அந்த அறிவுக்குத்தான். தளம் அதைத் தானே சொல்லியிருந்தால், விரும்புகிறவர்கள் வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம், முடியாதவர்கள் மட்டும் கடைக்குப் போவார்கள்.

எங்கள் தொழிலில் இதற்கான முறைகள் மிகவும் மலிவானவை. உங்கள் துறையின் சேவைகளை ஒவ்வொன்றாக ஒரு அட்டையில் எழுதுங்கள். மக்களிடம் கொடுத்து, எது எதோடு சேரும் என்று அவர்களையே அடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு குவியலுக்கும் அவர்கள் வாயாலேயே பெயர் வைக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து பேர் அடுக்கியதும் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும், அது உங்கள் துறையின் பிரிவுகளைப் போல இருக்காது. அப்புறம், படமோ நிறமோ இல்லாமல் வெறும் தலைப்புகளை மட்டும் காட்டி, 'மின் இணைப்பை அம்மா பேருக்கு மாத்தணும், எதை அழுத்துவீங்க?' என்று கேளுங்கள். தவறான தலைப்பை அழுத்தினால் தப்பு அவர்மேல் இல்லை, தலைப்பின்மேல். தளம் பாதி உருவானதும் ஐந்து பேரிடம் ஃபோனைக் கொடுத்து ஒரு வேலையை முடிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் பேசாமல் இருங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே கோளாறுகளில் கிட்டத்தட்ட 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். அந்தச் சதவீதம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று மறுத்த ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நான் என் வேலையில் பார்த்த வரைக்கும், மூன்றாவது ஆளும் அதே இடத்தில் திணறும்போது அறையில் இருக்கும் எல்லோருக்கும் சிக்கல் எங்கே என்று புரிந்துவிடுகிறது. சதவீதத்தைப் பற்றி அதற்கு மேல் வாதம் நடப்பதில்லை.

அந்த ஐந்து பேரில் ஒருவர் படிப்பு குறைந்தவராகவும், ஒருவர் வயதானவராகவும், ஒருவர் திரையை வாசிக்கும் மென்பொருளை நம்பி இருப்பவராகவும் இருக்கட்டும். துறை ஊழியர்கள் வேண்டாம். அவர்களுக்கு விடை முன்பே தெரியும்.

ஆகவே ஒப்பந்தப்புள்ளியில் இதை எழுதுங்கள். முதல் தவணைப் பணம், வடிவமைப்பு மாதிரிக்கு அல்ல, மக்கள் இந்தத் தளத்துக்கு எந்தெந்த வேலையாக வருகிறார்கள் என்ற ஆய்வு அறிக்கைக்கு. அதற்கான நேரமும் பணமும் தனியாக ஒதுக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் மலிவு விலை கேட்ட நிறுவனம் அதைத்தான் முதலில் வெட்டும். கடைசித் தவணை, பொதுமக்கள் தங்கள் சொந்த ஃபோனில், தமிழில், துறை ஆட்கள் உதவியில்லாமல், முக்கியமான பத்து வேலைகளை முடித்துக் காட்டிய பிறகு. தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தின் மொழிபெயர்ப்பாக வரக் கூடாது. முதலில் தமிழில் எழுதி அதையே சோதிக்க வேண்டும். நடுவில் மொழியை மாற்றினால் அதே பக்கத்தில் நிற்க வேண்டும், முகப்புக்குத் தூக்கி எறியக் கூடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் வேண்டும். பழைய முகவரிகள் புதுத் தளத்திலும் வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த முகவரியை யாரோ ஒரு ஆசிரியர் பள்ளிப் பலகையில் எழுதி வைத்திருப்பார்.

தளம் திறந்த பிறகும் வேலை இருக்கிறது. ரங்கநாதனின் ஐந்தாவது விதி அதைத்தான் சொல்கிறது. மக்கள் தேடல் பெட்டியில் என்ன தட்டினார்கள், எதற்கு விடை கிடைக்கவில்லை என்ற பட்டியல் உங்கள் சர்வரிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அதைப் படிக்க ஒருவரை நியமியுங்கள். ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று போடுகிறீர்கள். அது சர்வர் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமாக இருக்கிறது. உள்ளடக்கத்துக்கும் அதில் பங்கு கொடுங்கள்.

எல்லாத் துறையையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இறப்புக்குப் பின் செய்ய வேண்டியவை என்ற ஒரே ஒரு பக்கத்திலிருந்து தொடங்கலாம். வருவாய், பிறப்பு இறப்புப் பதிவு, உணவு, மின்சாரம், உள்ளாட்சி, கருவூலம் ஆகிய ஆறு இடங்களிலிருந்தும் ஆளுக்கு ஒருவரை இரண்டு வாரம் ஒரே அறையில் உட்கார வையுங்கள். இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேரையும் அண்மையில் இந்த அலைச்சலைப் பட்ட இரண்டு குடும்பங்களையும் அழையுங்கள். அவர்கள் எழுதும் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேளுங்கள். வடிவமைப்பாளர் தேவைப்பட்டால் நானும் என்னைப் போன்ற சிலரும் அந்த இரண்டு வாரம் ஊதியம் இல்லாமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். அடுத்த ஒப்பந்தப்புள்ளியின் வரைவை வெளியிடுவதற்கு முப்பது நாள் முன்பாகவே பொதுப்பார்வைக்கு வையுங்கள், அதில் எந்த இடத்தில் என்ன வரி சேர்க்கலாம் என்று எழுத்தில் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு இணையதள வடிவமைப்பாளர்